படத்தில் மட்டும் இருந்த பெட்டி

பழைய ராணுவ ரேடியோ வண்டி என்று சொல்லி யாராவது ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினால், ஹெட்லி டனர்ட் அதன் முன்மூடியைத் திறக்கச் சொல்வார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு நிமிடம் உள்ளே பார்ப்பார். பிறகு மெதுவாகத்தான் சொல்வார். ஆனால் சுற்றி நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழும்.

என் வண்டியைப் பார்த்து அவர் சொன்னது இது: "பிஸ்கட் டப்பாவுக்குப் பச்சை பெயின்ட் அடிச்சா அது ராணுவத்துல சேர்ந்துடாது, நெவில்."

என் இரண்டு பெண்களும் பக்கத்தில் நின்றிருந்தார்கள். பெரியவள் சிரித்துவிட்டாள். அந்த வண்டிக்காக ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகளை நான் கொடுத்திருந்தேன்.

ரெக்ஸ் டௌஸுக்கு நடந்தது இன்னும் மோசம். ரெக்ஸ் பன்றிப் பண்ணைக்காரன், எங்கள் பழைய ராணுவ வண்டிச் சங்கத்தின் தலைவன், ஊரில் நாலு பேர் வணக்கம் சொல்கிற ஆள். ஆகஸ்டு கண்காட்சியில், மைதானம் நிறைய ஜனம் இருக்கும்போது, ஹெட்லி அவனுடைய லாரிக்குள் கையை விட்டு ஒரு துண்டு ஒயரை உருவித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"ரெக்ஸ், அம்பத்துமூணாம் வருஷத்து லாரிங்கிற. அம்பத்துமூணுல இந்த பிளாஸ்டிக் ஒயர் எங்க கிடைச்சுது? உன் பன்னிக் கொட்டாயில தொங்கிட்டு இருந்துச்சா?"

ரெக்ஸின் காது இரண்டும் சிவந்துபோனதை நான் பார்த்தேன். திருப்பிச் சொல்லவும் அவனால் முடியாது. அன்றைக்கு அந்த லாரி மைதானம்வரை ஓடி வந்ததே ஹெட்லி செய்துகொடுத்த சாமான்களால்தான்.

அதுதான் எங்கள் சங்கடம். சாதாரண லாரிக்கு உதிரி கிடைக்கும். ரேடியோ லாரியின் மின்சாமான் வேறு ஜாதி. இன்ஜினில் பொறி தெறிக்கும் ஒவ்வொரு தடவையும் ரேடியோவில் கரகரவென்று இரைச்சல் வரும் என்பதால், டிஸ்ட்ரிபியூட்டர், காயில், டைனமோ, ஒயர் எல்லாவற்றுக்கும் உலோகக் கவசம் போட்டு, இரைச்சலை வடிகட்டத் தனித்தனிப் பெட்டிகள் வைத்திருப்பார்கள். செய்ததே கொஞ்சம். ராணுவம் கழித்துக்கட்டியபோது பாதியை ஏலத்தில் விட்டார்கள், மீதியைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். நாங்கள் இந்தப் பைத்தியத்தில் விழுந்தபோது, எங்கள் லிங்கன்ஷயர் மாவட்டம் முழுக்கத் தேடினாலும் உடையாத டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஒன்று அகப்படாது. ஹெட்லி செய்தால்தான் உண்டு.

அவர் பிறந்தது எங்கள் சதுப்புநிலத்திலேயே, வாய்க்கால் ஓரம். அப்பா பீட் கிழங்கு தோண்டும் கூலி. பத்தொன்பது வயதில் கட்டாய ராணுவ சேவைக்குப் போய், ஜெர்மனியில் இரண்டு வருடம் ஒரு ஆஸ்டின் ரேடியோ லாரியில் கிடந்தார். அங்கே தூங்கினார், சாப்பிட்டார், பழுது பார்த்தார். திரும்பி வந்து மோட்டாருக்குக் காயில் சுற்றும் ஆலையில் முப்பத்தோரு வருடம். ஆலையை மூடியபோது அவருக்கு வயது ஐம்பத்துமூன்று. மறு மாதமே ஒரு பழத்தோட்டத்தில் அதே மாதிரி ஆஸ்டின் லாரி ஒன்றைக் கண்டுபிடித்தார். உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை இறக்கிவிட்டு லாரியை வீட்டுக்கு இழுத்துவந்தார்.

தன் லாரிக்கு வேண்டியதைச் செய்யத் தொடங்கியதுதான் ஆரம்பம். உடைந்த மூடி ஒன்றின் சில்லுகளை ஒட்டி முழுசாக்கி, அதில் அச்சு எடுத்து, பிசினைக் காய்ச்சி ஊற்றி, பித்தளை முனைகளைப் பதித்தார். முதல் இருபது மூடிகள் வெடித்துப்போயின. இருபத்தொன்றாவது நின்றது. காயிலைப் பஞ்சுநூல் உறை போட்ட கம்பியில்தான் சுற்றுவார். சுற்றியதை வார்னிஷில் முக்கி, அவர் மனைவி பெரிலின் சமையலறை அடுப்பில் வைத்து உலர்த்துவார். அந்த வீட்டில் ஞாயிறு விருந்துக்குப் போனால் இறைச்சியில் லேசாக வார்னிஷ் வாடை அடிக்கும். பெரில் அதற்கெல்லாம் அலட்டிக்கொள்ள மாட்டாள். "உள்ளாற துருப்பிடிக்காது, சாப்பிடு கண்ணு," என்பாள்.

நார்வேயிலிருந்து, பெல்ஜியத்திலிருந்து, நியூசிலாந்திலிருந்து கடிதம் வரும். யாருக்கும் அவர் ஒரு சாமானைச் சும்மா அனுப்பியதில்லை. முதலில் வண்டியின் படத்தை அனுப்பச் சொல்வார். படத்தில் ஒரு தவறான திருகாணி இருந்தால், அதை மாற்றிய பிறகுதான் சாமான். உலகத்தின் மறுமூலையில் இருந்தவர்கள் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த எங்களுக்குத்தான் எரிந்தது.

இரண்டாயிரத்து இரண்டு, ஆகஸ்டு கண்காட்சி முடிந்த மறுநாள் மத்தியானம், ரெக்ஸ் என் அச்சுக்கூடத்துக்கு வந்தான். அவனுடைய காது இன்னும் சிவப்பாக இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

"நெவ், உன்கிட்ட அந்தப் பழைய ஈய எழுத்து மிஷின் இருக்கா இன்னும்?"

"இருக்கு. சர்ச் நோட்டீஸ் அதுலதான் அடிக்கிறேன்."

"அம்பதுகள்ல ராணுவம் போட்ட கையேடு மாதிரி ஒரே ஒரு பக்கம் அடிக்க முடியுமா?"

எதற்கு என்று கேட்டேன். அவன் சொன்னான். நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் கை தானாகப் பழைய காகிதக் கட்டைத் தேட ஆரம்பித்துவிட்டது.

யோசனை இதுதான். அந்த ஆஸ்டின் லாரிகள் எல்லாவற்றிலும் பாட்டரிக்கு மேலே உள்ள தகட்டில் நாலு வெற்றுத் துளைகள் உண்டு. எதற்கென்று யாருக்கும் தெரியாது. ஹெட்லிக்கும் தெரியாது, அது அவரை உறுத்திக்கொண்டே இருந்த விஷயம். அந்த நாலு துளைக்குச் சரியாகப் பொருந்துகிற மாதிரி ஒரு பெட்டியை நாங்கள் கற்பனையில் செய்தோம். 'இரைச்சல் அடக்கி, எண் 4' என்று பெயர் வைத்தோம்.

"சுலபமா இருக்கக் கூடாதுடா," என்றான் ரெக்ஸ். "அலுமினியத்துல வார்க்கணும்னு போடு. மேல தகடு தகடா விசிறி மாதிரி. எத்தனை?"

"எட்டு?"

"பதினொண்ணு போடு. திருகாணி எல்லாம் இடப்பக்கமா திருகுறதா இருக்கணும். ஆளு சாகணும்."

காயிலுக்கு எத்தனை சுற்று என்று கேட்டேன். ரெக்ஸ் யோசித்து, "நானூத்திப் பதினேழு," என்றான். அது அவனுடைய கிழட்டுப் பெண்பன்றி ஒன்றின் காதில் குத்தியிருந்த எண். பெட்டியின் ராணுவ எண்ணிலும் அதையே நுழைக்கச் சொன்னான். மின்சுற்றின் படத்தை நான் வேறொரு கையேட்டிலிருந்து பார்த்து அரைகுறையாக வரைந்தேன். எனக்கு மின்சாரம் அவ்வளவாகத் தெரியாது. காகிதத்தைத் தேநீர்த் தண்ணீரில் தோய்த்து, ஜன்னல் வெயிலில் காயப்போட்டு, உண்மையான கையேடு ஒன்றின் நடுவில் வைத்துத் தைத்தேன். நான் வாழ்நாளில் செய்த மிக நல்ல வேலை அதுதான். வெட்கத்தோடு சொல்கிறேன்.

நேரே கொடுத்தால் சந்தேகப்படுவார். அதனால் அதைக் கிழிசல் புத்தகங்களோடு ஒரு பெட்டியில் போட்டு, சர்ச்சின் பழைய சாமான் விற்பனைக்குக் கொடுத்தேன். ஹெட்லி அந்த விற்பனையை ஒரு வருடமும் தவறவிட்டதில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவர் என் கடைக்கு வந்தார். கையேட்டைத் துணியில் சுற்றிப் பிடித்திருந்தார்.

"இந்தப் பக்கத்தைப் பெருசு பண்ணிக் குடு. ரெண்டு மடங்கு."

நான் அச்சடித்ததை நானே வாங்கி, நானே பிரதி எடுத்துக் கொடுத்தேன். அவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு வருஷம் அந்த லாரியில குடும்பம் நடத்தியிருக்கேன் நெவில். நாலு ஓட்டை எதுக்குன்னு அன்னைக்கு ஒருத்தனைக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். கேக்கல. எல்லாம் தெரியும்னு திமிரு."

அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. எனக்குக் கொஞ்சம் மனம் இளகியிருக்க வேண்டும். அவர் கதவருகே போய்த் திரும்பினார். "உன் பிஸ்கட் டப்பாவுல இதுக்கு இடமே இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனார். இளகவில்லை.

குளிர்காலம் முழுக்க அவர் கொட்டகையில் இருந்தார். பதினொரு தகடும் ஒரே வார்ப்பில் வர வேண்டும். மணல் அச்சில் ஊற்றினால் ஒன்று வந்தால் ஒன்று உடையும். இடப்பக்கத் திருகாணிக்கு வேண்டிய கருவி கடையில் கிடைக்காது. அதையும் அவரே லேத்தில் கடைந்தார். நார்வேயிலும் பெல்ஜியத்திலும் இருந்த சிநேகிதர்களுக்கு அந்தப் பக்கத்தின் பிரதியை அனுப்பி, இப்படி ஒன்றை யாராவது பார்த்ததுண்டா என்று கேட்டார். யாரும் பார்த்ததில்லை. அதுவே அவருக்கு இன்னும் வெறியை ஏற்றியது. நாங்கள் மதுக்கடையில் வாராவாரம் செய்தி கேட்டுச் சிரித்தோம். "அஞ்சாவது வார்ப்பும் போச்சாம்," என்பான் ரெக்ஸ். அவன் முகத்தில் ஒரு திருப்தி இருக்கும்.

ஏப்ரலில் பெரிலுக்கு வயிற்றில் புற்று என்று தெரிந்தது. கத்தி வைக்க முடியாத இடம். ஹெட்லி அவளைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார், கூட்டிவருவார், போர்வையைச் சரிசெய்து தேநீர் வைத்துக் கொடுத்துவிட்டு நேரே கொட்டகைக்குப் போய்விடுவார். அன்பில்லாதவர் என்று சொல்ல மாட்டேன். பழுது பார்க்க முடியாத ஒன்றின் பக்கத்தில் எப்படி உட்கார்வது என்று அவருக்குத் தெரியாது. பழுது பார்க்கக்கூடிய ஒன்றை நாங்கள் கையில் கொடுத்திருந்தோம்.

ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை பெரில் என் கடைக்கு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி காரில் கொண்டுவந்து விட்டிருந்தாள். கோட்டு அவள் மேல் கொடியில் தொங்குவது மாதிரித் தொங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"என் சாவுச் சடங்குக்கு அச்சடிக்கணும் கண்ணு. ரெண்டு பாட்டு எழுதியிருக்கேன். தேதியை மட்டும் விட்டுடு."

நான் ஏதோ முணுமுணுத்தேன். அவள் அதைக் கவனிக்கவில்லை. பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து மேஜைமேல் பரப்பினாள். அந்தக் கையேட்டுப் பக்கம். பக்கத்தில் போன மாத சர்ச் நோட்டீஸை வைத்தாள்.

"முப்பது வருஷமா உன் நோட்டீஸைப் படிக்கிறவ நான். உன் 'ஆர்' எழுத்துக்கு ஒரு காலு ஒடிஞ்சிருக்கு. இங்க பாரு. ராணுவத்துக்காரன் எழுத்துக்கும் அதே காலு ஒடிஞ்சிருக்கு."

"ரெக்ஸும் நானும்தான்," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், பன்றியின் எண் உட்பட.

அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலியோடு சிரித்தாள். "அந்த வாய்க்கு இது வேணும்தான். நாப்பத்துமூணு வருஷமா எனக்குத் தெரியாத வாயா?" பிறகு சிரிப்பு நின்றது. "ஆனா நெவ், எனக்கு நாளு இல்ல. காலையில போறாரு, இருட்டுனதும் வராரு. நான் கூப்பிட்டா 'இதோ வந்துட்டேன்'ங்கிறாரு. நீ அவர்கிட்ட சொல்லிடு. அப்படி ஒரு பெட்டியே இல்லேன்னு தெரிஞ்சா வீட்டுக்குள்ள வந்துடுவாரு."

"நீங்களே சொல்லக் கூடாதா?"

"நான் சொன்னா என் முன்னாடி ஏமாந்தவரா நிக்கணும். அதுக்கப்புறம் என் மூஞ்சியைப் பாக்க மாட்டாரு. நீ செஞ்சது, நீ சொல்லு. திட்டுவாரு. ஒரு நாளு திட்டுவாரு, அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்கிறேன் என்று அவள் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன்.

முதலில் ரெக்ஸிடம் போனேன். அவன் பன்றிகளுக்குத் தீனி கொட்டிக்கொண்டிருந்தான்.

"பாதியில சொன்னா அதுல என்னடா தமாஷு? சங்கத்து நவம்பர் விருந்துல சொல்லலாம்னுதானே பேச்சு."

"அவ சாகப்போறா ரெக்ஸ்."

"டாக்டருங்க சொல்றதெல்லாம் நடக்குதா? எங்க அத்தைக்கு மூணு மாசம்னாங்க. பதினோரு வருஷம் இருந்து எங்க உயிரை வாங்குனா." வாளியைக் கீழே வைத்தான். "உன் பொண்ணுங்க முன்னாடி அவரு உன்னை என்ன சொன்னாருன்னு மறந்துட்டியா?"

மறக்கவில்லை.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போனேன். அதை மட்டும் என் கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். கொட்டகைக் கதவு திறந்திருந்தது. ஹெட்லி ஏழாவது வார்ப்பைக் கையில் வைத்து அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். பதினொரு தகடும் முழுசாக நின்றன. அவ்வளவு அழகான வார்ப்பை நான் பார்த்ததில்லை.

"ஹெட்லி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. கையை மட்டும் மேஜைமேல வைக்காத. நீ தொட்டதெல்லாம் கோணலாப் போகும்."

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது எனக்கு. உண்மையைச் சொன்னால், ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவர் கொடுத்தார். "நல்லா வந்திருக்கு," என்று மட்டும் சொன்னேன். வெளியே வந்தபோது சமையலறை ஜன்னலில் பெரில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். நான் கையை ஆட்டினேன். சொல்லிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டாளோ, இல்லை என்று எடுத்துக்கொண்டாளோ, எனக்குத் தெரியாது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்டில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவள் போய்விட்டாள். விட்டுவைத்திருந்த இடத்தில் தேதியைக் கோத்து அச்சடித்தேன். சடங்கில் ஹெட்லி எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் நின்றார், உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தார். நகக்கண்ணில் அலுமினியத் தூள் இருந்தது.

சங்கத்தின் விருந்து நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை மத்தியானம், எப்போதும் போகிற மதுக்கடையின் பின்கூடத்தில். ரெக்ஸ் இதை விட்டுவிடுவான் என்று நான் நினைத்தேன். நான் அவனிடம் கேட்கவும் இல்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவான் என்ற பயம்.

ஹெட்லி வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்தார். கறுப்புக் கோட்டு, கையில் துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம். பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டு முடிந்ததும் பொட்டலத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். இருபத்துநாலு பேர் எட்டிப் பார்த்தோம். ராணுவப் பச்சை, பதினொரு தகடு, பழுப்பு நிறப் பிசினில் ஐந்து முனைகள், பக்கத்தில் சின்னப் பித்தளைத் தகட்டில் எண்ணும் ராணுவ முத்திரையான அம்புக்குறியும். ஐம்பத்துமூன்றாம் வருடம் ஏதோ ஒரு ஆலையிலிருந்து அப்போதுதான் வந்த மாதிரி இருந்தது.

"நாலு ஓட்டைக்கும் பதில் இதுதான்," என்றார் ஹெட்லி. "பதினாலு மாசம் ஆச்சு. பெரில் இதைப் பாக்கல. பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பா."

அப்போதாவது ரெக்ஸ் வாயை மூடியிருக்கலாம். அவன் எழுந்தான். கோப்பையைக் கரண்டியால் தட்டினான்.

"ஹெட்லி, அந்தத் தகட்டுல இருக்கிற எண்ணைக் கொஞ்சம் படிங்க, எல்லாரும் கேக்கட்டும்."

ஹெட்லி படித்தார். கடைசியில் நானூற்றுப் பதினேழு.

"அந்த நானூத்திப் பதினேழு யாருன்னு தெரியுமா? என் பண்ணையில மூணாவது கொட்டில்ல படுத்திருக்கா. போன வாரம்தான் ஒன்பது குட்டி போட்டா." சட்டைப்பையிலிருந்து, நான் சோதனைக்காக அடித்து வைத்திருந்த முதல் பிரதியை எடுத்துக் காட்டினான். தேநீரில் நனையாதது, வெள்ளை வெளேரென்று. "ராணுவம் இப்படி ஒரு பெட்டியைச் செஞ்சதே இல்லய்யா. பிளாஸ்டிக் ஒயரைத் தூக்கிக் காட்டினீங்களே, அதுக்கு இது."

முதலில் நாலைந்து பேர் சிரித்தார்கள். பிறகு பின்வரிசையில் இன்னும் சிலர். என் வாயிலிருந்தும் சிரிப்பு வந்தது. வரவழைக்கவில்லை, வந்தது.

ஹெட்லி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, அவசரமில்லாமல். வண்டிகளைப் பார்ப்பது மாதிரியே பார்த்தார். சிரிப்பு ஒவ்வொன்றாக அணைந்தது.

"படம் யாரு வரைஞ்சது?"

ரெக்ஸ் என்னைக் காட்டினான்.

"காயிலோட ஒரு முனையை நேரா வண்டி பாடியில இறக்கியிருந்த," என்றார் என்னைப் பார்த்து. "அப்படியே செஞ்சிருந்தா டைனமோ எரிஞ்சிருக்கும். வரைஞ்ச ராணுவத்துக்காரன் முட்டாள்னு நினைச்சு நான் திருத்திட்டேன். இப்ப இது வேலை செய்யுது. நேத்து வண்டியில போட்டுப் பாத்தேன், ரேடியோவுல இரைச்சல் பாதியாக் குறைஞ்சிருக்கு."

துண்டில் பெட்டியைச் சுற்றினார். கோட்டுப் பொத்தான்களைப் போட்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

"தமாஷைத் தாங்கத் தெரியல," என்றான் ரெக்ஸ். இனிப்பு வந்தது. சாப்பிட்டோம்.

பத்து நாள் கழித்து நான் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க என்று சொல்லிக்கொண்டேன். கதவைத் திறந்தவர் சமையலறைக்குக் கூட்டிப்போய், ஜன்னலோரத்தில் பெரிலின் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். அவர் நின்றார். மேஜைமேல் பதினாலு கடித உறைகள் இருந்தன. அந்தப் பக்கத்தின் பிரதியை அவர் யார் யாருக்கு அனுப்பினாரோ அவர்கள் ஒவ்வொருவருக்கும், அது பொய், நான் ஏமாந்துவிட்டேன், கிழித்துப் போடவும் என்று கையால் எழுதியிருந்தார்.

"ஹெட்லி, நான் ஜூன்லயே—"

"தெரியும். கடைசி வாரத்துல ஒரு நாளு, நெவில் வந்து சொன்னானான்னு கேட்டா. என்ன சொல்லணும்னு கேட்டேன். 'ஒண்ணுமில்ல, வேலையைப் பாருங்க'ன்னுட்டா. விருந்துல ரெக்ஸ் பேசினப்பதான் எனக்குப் புரிஞ்சுது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்த வியாழக்கிழமை மூணு தடவை கூப்பிட்டா. இந்த நாற்காலியிலேருந்துதான். முத தடவை, பிசின் அடுப்புல இருந்து இறக்கியாச்சு, ஊத்தணும். இதோ வரேன்னேன். ரெண்டாவது தடவை, ஊத்திட்டு இருக்கேன், நிறுத்தினா குமிழி விழும். இதோ வரேன்னேன். மூணாவது தடவை அஞ்சு முனையையும் நேரா பிடிச்சிருந்தேன், விட்டா சாஞ்சுடும். பதிலே சொல்லல. பிசின் இறுகினதும் கையைக் கழுவிட்டு வந்தேன்." உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "அஞ்சும் நேரா இருந்துச்சு. நீயே பாத்த."

நான் அழுதேன். அது அவருக்கு அருவருப்பாக இருந்தது என்று நினைக்கிறேன்.

"உன்னால அவ சாகல. நீ சொல்லியிருந்தா நான் இங்க இருந்திருப்பேன். அவ்வளவுதான். இப்ப எந்திரி, அது அவ நாற்காலி."

அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை. எங்களில் பலரோடு பேசவில்லை. சாமான் கேட்டுக் கடிதம் போட்டால், பிரிக்காமல் திரும்பி வரும். அந்தப் பெட்டியை உருக்கிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அந்த அலுமினியத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் கவசம் நாலு வார்த்து, ஒன்றை நியூசிலாந்துக்கு அனுப்பினார். அவருடைய லாரியில் அந்த நாலு துளைகளும் மறுபடி வெறுமையாயின.

அதற்குப் பிறகுதான் அவர் மிக நிறையச் செய்தார். அடுத்த ஒன்பது வருடத்தில் ஐரோப்பாவில் ஓடிய ஆஸ்டின் ரேடியோ லாரிகளில் பாதிக்குமேல் அவர் கைச்சாமான்தான் இருந்தது என்பார்கள். எங்கள் ஊரில் மட்டும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. ரெக்ஸின் லாரி முதலில் நின்றது. அவன் ஸ்காட்லாந்தில் இருந்த மச்சினன் பெயரில் ஒரு காயில் கேட்டு எழுதிப்பார்த்தான். ஹெட்லி வழக்கம்போல வண்டியின் படத்தைக் கேட்டார். படம் அனுப்பினான். கடிதம் இல்லாத உறை ஒன்று திரும்பி வந்தது. உள்ளே ஒரு முழ நீளத்துக்கு பிளாஸ்டிக் ஒயர். ரெக்ஸ் லாரியை விற்றுவிட்டான். இப்போது டிராக்டர்கள் சேர்க்கிறான்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு மார்ச்சில் ஹெட்லி கொட்டகையிலேயே இறந்தார். இதயம். பால்காரர்தான் கண்டுபிடித்தார். சடங்குக்கு எங்களில் யாரும் போகக் கூடாது என்று எழுதி வைத்திருக்கவில்லை. ஆனாலும் யாரும் போகவில்லை. அச்சு வேலையையும் பக்கத்து ஊரில் கொடுத்திருந்தார்கள்.

அச்சுகளும் வரைபடங்களும் காயில் சுற்றும் எந்திரமும் நார்வேக்குப் போயின. ஒட்வார் என்று ஒருவர், தந்திக் கம்பங்களில் ஏறி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஹெட்லியோடு இருபது வருடம் கடிதத்தில் மட்டும் பழகியவர். கொட்டகையைக் காலிசெய்ய வேனில் வந்தார், ஒரே நாளில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார். இப்போது அவர்தான் அந்தச் சாமான்களைச் செய்கிறார்.

என் வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி போன வசந்தத்தில் விரிசல் விட்டது. ஒட்வாருக்கு எழுதினேன். என் சொந்தப் பெயரில்தான். வேறு பெயரில் எழுதச் சொன்னாள் என் மனைவி. எனக்கு மனம் வரவில்லை. வண்டியின் படமும் வைத்தேன், ஒவ்வொரு திருகாணியும் சரியாக இருக்கும்படி பார்த்து.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. மரியாதையான கடிதம்.

'வண்டி மிக நன்றாக இருக்கிறது. ஹெட்லி பார்த்திருந்தால் குறை சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் எனக்குப் பதினொரு பெயர்கள் எழுதித் தந்திருக்கிறார். இந்தப் பதினொரு பேருக்கும் ஒரு திருகாணிகூடக் கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துத்தான் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். ஏன் என்று அவர் சொல்லவில்லை. உங்கள் பெயர் இரண்டாவதாக இருக்கிறது. வருந்துகிறேன்.'

அன்றைக்குச் சிரித்தவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. அவர் எண்ணியிருக்கிறார்.

ஆகஸ்டு கண்காட்சிக்கு இப்போது வண்டியை ஒரு டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோகிறேன். மைதானத்தில் நானும் என் மருமகனும் தள்ளி நிறுத்துகிறோம். ஏன் ஓட்டி வரவில்லை என்று யாராவது கேட்டால், மூடி கிடைக்கவில்லை என்று சொல்கிறேன்.